பூஞ்சேரிப் பாறையும் ஒரு சிறு நடிகரும்



செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகக் கிழக்கே சென்றால் மாமல்லபுரம். சென்ற ஆண்டு மாணவர் சிலரை அழைத்துக்கொண்டு அவ்வழியே சென்றிருந்தேன். ஐந்து இரதங்கள் நிற்கும் மணற்பரப்பில், நகுல சகதேவ இரதத்தின் அருகே, ஒரே கல்லில் செதுக்கிய யானை ஒன்று நிற்கிறதன்றோ? அதன் முன் நின்ற மாணவர் ஒருவர், "ஐயா, நம் நாட்டில் உடல் முழுதும் சடை வளர்ந்த யானைகள் இருந்தனவா?" என்று கேட்டார். உடன் வந்தோர் நகைத்தனர். அவர் விடவில்லை. முந்தைய இரவு பழைய ஆங்கிலப் படம் ஒன்றைக் கைப்பேசியில் பார்த்ததாகவும், அது நம் தமிழ்நாட்டிலேயே எடுக்கப்பட்டது என்று அறிந்ததாகவும், அதில் துப்பாக்கி ஏந்திய நெட்டை மனிதர் ஒருவர் காட்டுக்குள் சென்று சடையானைகளைக் காண்பதாகவும் கூறினார். "அந்த நெட்டை மனிதர் யார், ஐயா?" என்பது அவருடைய இரண்டாவது வினா.

அவர் பெயர் ராட் கேமரன் என்றேன். "பெரிய நடிகரோ?" என்றார் மற்றொரு மாணவர். "அல்லர்; அந்நாளில் ஓரளவு பெயர் பெற்றவர், இன்று பெரும்பாலோர் மறந்தவர்" என்றேன். "அப்படியானால் அவரைப் பற்றி அறிந்து நமக்கு ஆவதென்ன?" என்று அவர் கேட்டார். குறும்பாகக் கேட்ட கேள்வி அன்று. நேர்மையாகக் கேட்ட கேள்வி. அன்று அதற்கு நிறைவான விடை சொல்ல என்னால் இயலவில்லை. இன்று சொல்ல முயல்கிறேன்.

ராட் கேமரன் 1910ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் கனடா நாட்டின் கால்கரி நகரில் பிறந்தவர். பெற்றோர் இட்ட பெயர் நேதன் ராடெரிக் காக்ஸ். ஆறடி நான்கு அங்குலத்துக்குக் குறையாத உயரமும் அதற்கேற்ற தோளும் உடையவர். 1930களின் இறுதியில் அவர் ஹாலிவுட்டில் நுழைந்தபோது அந்த உடலே அவருடைய முதல். பெரிய நடிகர் குதிரையிலிருந்து விழ வேண்டிய இடத்தில் இவர் விழுந்தார். பெரிய நடிகருக்காக விளக்கொளியைச் சரிபார்க்கும்போது அவர் நிற்க வேண்டிய இடத்தில் இவர் நின்றார். கூட்டத்தில் ஒருவராகவும், வாயிற்காவலராகவும், ஒரு வரி பேசும் வீரராகவும் பல படங்களில் தோன்றினார். பிறருடைய முகத்துக்குத் தம் எலும்பைக் கொடுத்துப் பிழைத்த காலம் அது.

1943இல் அவருக்குத் திருப்பம் வந்தது. ரிபப்ளிக் என்ற படநிறுவனம் அக்காலத்தில் தொடர்படங்களுக்குப் பெயர் பெற்றிருந்தது. நம் வார இதழ்களில் தொடர்கதை வருவதுபோல, அமெரிக்கப் படக்கொட்டகைகளில் வாரம் ஒரு பகுதியாகத் தொடர்படம் ஓடும். ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் கதாநாயகன் மலைமுகட்டில் தொங்குவான், அல்லது எரியும் வீட்டுக்குள் அகப்பட்டிருப்பான். அடுத்த வாரம் காசு கொடுத்துப் போனால்தான் அவன் பிழைத்தானா என்று தெரியும். பதினைந்து பதினைந்து பகுதிகள் கொண்ட இரண்டு தொடர்படங்களில் அவ்வாண்டு கேமரன் கதாநாயகரானார். அதன்பின் 1944, 1945ஆம் ஆண்டுகளில் யூனிவர்சல் நிறுவனம் எடுத்த சிறிய மேற்கத்தியப் படங்கள் சிலவற்றில் குதிரை வீரராக வந்தார். 1945இல் ஈவான் டி கார்லோ என்ற நடிகையுடன் இரண்டு வண்ணப் படங்களில் நடித்தார். அந்த அம்மையார் பின்னர் 1956இல் 'பத்துக் கட்டளைகள்' படத்தில் மோசேயின் மனைவியாக நடித்து உலகறியப் புகழ் பெற்றார். கேமரனோ மீண்டும் குதிரைக்கே திரும்பினார்.

'மேற்கத்தியப் படம்' என்றால் என்ன என்பதை இங்கே விளக்க வேண்டும். அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865இல் முடிந்தது. அதன்பின் ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள், டெக்சாஸ் புல்வெளிகளிலிருந்து மாட்டு மந்தைகளை வடக்கே இருப்புப்பாதை நிலையங்களுக்கு ஓட்டிச் செல்லும் தொழில் செழித்திருந்தது. மந்தையை ஓட்டியவர்களே 'கௌபாய்' எனப்பட்ட மாட்டிடையர். நீண்ட பயணமும் புழுதியும் குறைந்த கூலியும் நிறைந்த வாழ்வு அவர்களுடையது. அவர்களில் கறுப்பின மக்களும் மெக்சிகோ நாட்டவரும் கணிசமாக இருந்தனர். அந்நிலங்களின் பழங்குடி மக்களோ தம் மண்ணிலிருந்து துரத்தப்பட்டனர். 1890இல் ஊண்டட் நீ என்ற இடத்தில் நூற்றுக்கணக்கான பழங்குடியினர், பெண்டிரும் குழந்தைகளும் உட்பட, படையினரால் கொல்லப்பட்டனர். ஆனால் திரைப்படம் காட்டிய மேற்கு வேறு. அங்கே வெள்ளைத் தொப்பி அணிந்த நல்லவன் ஒருவன், கறுப்புத் தொப்பி அணிந்த தீயவன் ஒருவன். நடுத்தெருவில் துப்பாக்கிப் போர். முடிவில் அறம் வெல்லும். இந்தக் கற்பனை மேற்கில் வாழ்ந்து ஊதியம் பெற்றவர் நம் கேமரன்.

அவர் நம் ஊருக்கு எவ்வாறு வந்தார்? அதற்குச் சேலம் செல்ல வேண்டும்.

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற படநிலையம் இருந்தது. அதை 1930களின் நடுவில் நிறுவியவர் டி. ஆர். சுந்தரம். இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் நெசவுத் தொழில் பயின்று வந்தவர் அவர். படமெடுப்பதையும் ஓர் ஆலைத் தொழிலைப் போலவே நடத்தினார். குறித்த நேரத்தில் சங்கு ஒலித்தாற்போல வேலை தொடங்கும்; குறித்த நாளில் படம் முடியும். மலையாளத்தின் முதல் பேசும் படமான 'பாலன்' 1938இல் இந்நிறுவனத்திலிருந்து வந்தது. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956இல் வந்ததும் இங்கிருந்தே. நூற்றுக்கு மேற்பட்ட படங்களை எடுத்த அந்த நிலையத்தின் நினைவாக இன்று அதன் நுழைவாயில் வளைவு நிற்கிறது.

சுந்தரத்துக்கு அமெரிக்கத் தொடர்பு புதிதன்று. ஒஹாயோ மாநிலத்தில் பிறந்த எல்லிஸ் ஆர். டங்கன் 1935இல் இந்தியா வந்து, தமிழ் அறியாமலேயே தமிழ்ப்படங்களை இயக்கிய விந்தை மனிதர். எம். ஜி. ஆர். முதன்முதலாகத் திரையில் தோன்றிய 'சதி லீலாவதி'யும், எம். எஸ். சுப்புலட்சுமி நடித்த 'மீரா'வும் டங்கன் இயக்கியவையே. 1950இல் சேலத்தில் எடுக்கப்பட்ட 'மந்திரி குமாரி'யிலும் சுந்தரத்துடன் அவர் பணியாற்றினார். அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சியாகவே அமெரிக்க நிறுவனம் ஒன்றுடன் கூட்டாகப் படமெடுக்கும் துணிவு பிறந்தது. கொட்டகை உரிமையாளராக இருந்து குறைந்த செலவில் படமெடுப்பவராக உயர்ந்த ராபர்ட் லிப்பெர்ட் அமெரிக்கப் பங்காளியானார். சிறிய மேற்கத்தியப் படங்கள் பலவற்றை இயக்கிய வில்லியம் பெர்க் இயக்குநராக வந்தார். ஒளிப்பதிவாளர் கிளைடு டி வின்னாவோ, 1928ஆம் ஆண்டுப் படம் ஒன்றுக்காக ஆஸ்கார் பரிசு பெற்றவர்.

இவ்வாறு பிறந்த படம் 1952இல் ஆங்கிலத்தில் 'தி ஜங்கிள்' என்றும், தமிழில் 'காடு' என்றும் வெளிவந்தது. வேட்டைக்காரராக ராட் கேமரன். சீசர் ரொமேரோ என்ற நியூயார்க் நகரத்து நடிகர் ராமா சிங் என்ற பெயரில் இந்தியராக நடித்தார். இந்திய இளவரசியாக வந்தவர் மேரி வின்ட்சர் என்ற அமெரிக்க நடிகை. ஊமைப்பட நாளில் இந்தியாவையே கவர்ந்த சுலோசனாவும், நம் எம். என். நம்பியாரும், டேவிட்டும் சிறு வேடங்களில் நின்றனர். நம் மண்ணில் எடுத்த படத்திலும் நம்மவருக்குப் பின்வரிசையே கிடைத்தது என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

கதை எளியது. காட்டு விலங்குகள் வெறிகொண்டு ஊர்களை அழிக்கின்றன. காரணம் தேடி ஒரு குழு காட்டுக்குள் செல்கிறது. அங்கே பழங்காலத்துச் சடையானைகள் உயிரோடு உலவுவதைக் காண்கிறது. இந்தச் சடையானைகள் உண்மையில் யார் தெரியுமா? நம் யானைகளே! அவற்றின் மேல் ரோமப் போர்வையைப் போர்த்தி நடக்கவிட்டார்கள். நம் வெயிலில் அந்தப் போர்வைக்குள் அவை பட்ட பாடு அவற்றுக்கும் பாகர்களுக்குமே தெரிந்திருக்கும்.

அறிவியல் இங்கே என்ன சொல்கிறது? கம்பளி மாமூத் எனப்படும் சடையானை பனி சூழ்ந்த வடபுலத்து விலங்கு. சைபீரியாவுக்கு வடக்கே உள்ள ராங்கல் தீவில் அதன் கடைசி மந்தைகள் ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன் அழிந்தன. தென்னிந்தியக் காட்டில் அது ஒருநாளும் வாழ்ந்ததில்லை. ஆதலின் என் மாணவரின் முதல் வினாவுக்கு விடை 'இல்லை' என்பதே. ஆயினும் ஒரு வியப்பு உண்டு. இந்த நூற்றாண்டின் மரபணு ஆய்வுகள், சடையானைக்கு ஆப்பிரிக்க யானையைவிட நம் ஆசிய யானையே நெருங்கிய உறவு என்று காட்டியுள்ளன. படமெடுத்தவர்கள் அறியாமலே, தொலைந்துபோன ஒரு விலங்கின் வேடத்தை அதன் தாயாதிக்கே கொடுத்திருக்கிறார்கள்!

மாமல்லபுரத்துச் சிற்பியை இவ்விடத்தில் நினையாதிருக்க இயலவில்லை. ஏறத்தாழ முப்பது மீட்டர் நீளமுள்ள அருச்சுனன் தபசுப் பாறையில் யானைக் கூட்டம் ஒன்று வருகிறது. பெரிய யானையின் காலடியில் குட்டிகள் ஒண்டி நிற்கும் அழகை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவன் யானைக்குப் போர்வை போர்த்தவில்லை. உள்ள யானையை உள்ளபடி பார்த்தான். பார்த்ததைக் கல்லில் வைத்தான். 'தி ஜங்கிள்' படத்தை எடுத்தவர்கள் யானையின் எதிரிலேயே நின்றார்கள். ஆனால் அவர்கள் கண்ணுக்கு யானை போதவில்லை. கற்பனை மேற்கைப் படைத்த அதே பழக்கம் ஒரு கற்பனை இந்தியாவையும் படைத்தது. பிறர் நம்மைப் பார்த்துச் சொல்வதைக் கேட்டுக்கொண்டே இருந்தால், நம் வீட்டு யானைக்கும் சடை உண்டோ என்று ஒருநாள் நாமே ஐயுறுவோம். என் மாணவர் கேட்டது அந்த ஐயமே. அவர்மேல் குற்றமில்லை. அவர் கேட்டாரே, அதுவே நல்லூழ்.

இனிக் கேமரனின் எஞ்சிய வாழ்வுக்கு வருவோம்.

அவர் இந்தியாவில் நடித்துத் திரும்பிய காலத்தில் அமெரிக்காவில் ஒரு பெருமாற்றம் நிகழ்ந்துகொண்டிருந்தது. 1950இல் அந்நாட்டில் பத்து வீடுகளில் ஒன்றில்கூடத் தொலைக்காட்சிப் பெட்டி இல்லை. 1960க்குள் பத்தில் எட்டுக்கு மேற்பட்ட வீடுகளில் அது வந்துவிட்டது. வீட்டில் அமர்ந்தபடியே இலவசமாகக் குதிரைச் சண்டை பார்க்கக் கிடைத்தபின் யார் கொட்டகைக்குச் செல்வார்? சிறிய மேற்கத்தியப் படங்கள் மெல்ல மறைந்தன. அவற்றில் பிழைத்த நடிகருக்கு இரண்டே வழிகள் இருந்தன: மறைவது, அல்லது சிறு திரைக்குள் நுழைவது. பெரிய நடிகர் பலர் தொலைக்காட்சியைத் தாழ்வாகக் கருதிய நாளில் கேமரன் அதற்குள் நுழைந்தார்.

1953 முதல் 1955 வரை 'சிட்டி டிடெக்டிவ்' என்ற தொடரில் துப்பறியும் அதிகாரியாக 65 பகுதிகள். 1956 முதல் 1959 வரை 'ஸ்டேட் ட்ரூப்பர்' என்ற தொடரில் 104 பகுதிகள். 1960, 1961இல் 'கொரனாடோ 9' என்ற தொடரில் 39 பகுதிகள். ஆக 208 அரைமணி நேரக் கதைகள். இவற்றுள் நடுவிலுள்ளதே அவருக்குப் பெயர் தந்தது. நெவாடா மாநிலத்துக் காவல் அதிகாரி ஒருவரின் கதை அது. மோட்டார் காரும் தொலைபேசியும் வந்துவிட்ட காலத்து மேற்கில், பழைய குதிரை வீரனின் அறத்தைக் காப்பவர் அவர். இத்தொடர்கள் நாடு முழுதும் ஒரே நேரத்தில் ஒளிபரப்பானவை அல்ல. நம் ஊரில் டூரிங் கொட்டகைக்காரர் படப்பெட்டியை வாடகைக்கு எடுத்து ஓட்டினாரே, அதுபோல ஒவ்வோர் ஊரின் தொலைக்காட்சி நிலையமும் தனித்தனியே வாங்கித் தனக்குகந்த நேரத்தில் காட்டியது. பெரிய நகரத்து விமரிசகர் கண்ணில் படாமல் சிற்றூர் வீடுகளின் கூடத்தில் வாழ்ந்த புகழ் அது.

நம் நிலையையும் ஒப்பிட்டுக் கொள்ளுங்கள். தில்லியில் தொலைக்காட்சி 1959 செப்டம்பர் 15இல் சோதனையாகத் தொடங்கியது. சென்னைக்கு அது 1975 ஆகஸ்டு 15இல்தான் வந்தது. கேமரன் சிறு திரையில் குதிரையேறிய ஆண்டுகளில் நம் செங்கற்பட்டு மாவட்டத்து மக்களுக்கு 1938 முதல் ஒலித்துவரும் சென்னை வானொலியும், ஊரோரத்து டூரிங் கொட்டகையுமே துணை.

1964இல் அவர் வாழ்வில் நடந்த நிகழ்ச்சி ஒன்று, புகழ் என்பது எத்தகையது என்று நமக்குக் காட்டுகிறது. இத்தாலி நாட்டுப் படநிறுவனம் ஒன்று அப்போது இரண்டு மேற்கத்தியப் படங்களை ஏறத்தாழ ஒரே காலத்தில் எடுத்தது. முதற்படத்தில் ராட் கேமரன் கதாநாயகர். 'குண்டுகள் வாதாடுவதில்லை' என்பது அதன் பெயரின் பொருள். நிறுவனம் பெரிதும் நம்பியதும் கூடுதலாகச் செலவிட்டதும் அதற்கே. மற்றொன்று சிக்கனமான படம். 'ஒரு பிடி டாலருக்காக' என்பது அதன் தலைப்பு. அதில் நடிக்க வந்தவரும் கேமரனைப் போலத் தொலைக்காட்சி மேற்கத்தியத் தொடரில் நடித்துக்கொண்டிருந்தவரே. வயதில் மிக இளையவர். அவர் பெயர் கிளின்ட் ஈஸ்ட்வுட். நம்பிய படத்தை உலகம் மறந்தது. சிக்கனப் படம் உலகத் திரைப்பட வரலாற்றையே திருப்பியது. இரண்டுக்கும் இசையமைத்தவர் ஒருவரே, எனியோ மாரிகோனி. ஒருவர் மேலேறவும் ஒருவர் நின்ற இடத்திலேயே நிற்கவும் திறமை மட்டுமா காரணம்? காலம், இயக்குநர், கதை என்று எத்தனையோ காற்றுகள் சேர்ந்து வீசினால்தான் ஒரு பாய்மரம் விரிகிறது.

கேமரன் மனம் முறிந்து ஒதுங்கவில்லை. 1966இல் ஜெர்மானியர் எடுத்த மேற்கத்தியப் படம் ஒன்றில் நடித்தார். பிறருடைய தொலைக்காட்சித் தொடர்களில் விருந்தினராக வந்தார். 1971இல் டென்னிஸ் ஹாப்பர் இயக்கிய 'தி லாஸ்ட் மூவி' என்ற படத்திலும் சிறு வேடம் ஏற்றார். அதன் கதை நம் கருத்துக்கு உரியது. பெரு நாட்டு மலைக்கிராமம் ஒன்றில் அமெரிக்கக் குழு ஒரு மேற்கத்தியப் படத்தை எடுத்துவிட்டுச் செல்கிறது. அவர்கள் சென்றபின் ஊர்மக்கள் கழிகளால் ஒளிப்படக் கருவி செய்து தாமும் படமெடுப்பதுபோல் நடிக்கிறார்கள். ஆனால் பொய்யடி அடிக்க வேண்டுமென்பது அவர்களுக்குத் தெரியாது, மெய்யாகவே அடிக்கிறார்கள். கற்பனையை விற்கச் செல்பவர் வாங்குபவரிடம் எதை விட்டுச் செல்கிறார் என்ற கேள்வியை எழுப்பும் படம் அது. சேலத்தில் யானைக்குப் போர்வை போர்த்திய படத்தில் நடித்தவர், இருபதாண்டு கழித்து இந்தப் படத்திலும் நின்றார் என்பது வரலாற்றின் நயமன்றோ?

1983 டிசம்பர் 21ஆம் நாள், தம் எழுபத்து மூன்றாம் வயதில், ஜார்ஜியா மாநிலத்தின் கெயின்ஸ்வில் நகரில் ராட் கேமரன் மறைந்தார். ஹாலிவுட் நடைபாதையில் தொலைக்காட்சிப் பணிக்காக அவர் பெயர் பொறித்த நட்சத்திரக் கல் ஒன்று பதிந்திருக்கிறது. நாள்தோறும் ஆயிரக்கணக்கானவர் அதன்மேல் நடந்து செல்கிறார்கள்.

"அவரைப் பற்றி அறிந்து ஆவதென்ன?" என்ற வினாவுக்கு இப்போது வருகிறேன்.

பேரரசர் வாழ்வைக் கொண்டு ஒரு காலத்தை அளப்பவர், உச்சிவெயிலைக் கொண்டு ஒரு நாளை அளப்பவர் ஆவார். கேமரன் போன்றவரின் வாழ்வைப் பின்தொடர்ந்தால் கொட்டகைத் தொடர்படம் எவ்வாறு பிழைத்தது, சிறு படங்கள் ஏன் அழிந்தன, தொலைக்காட்சி எவ்வாறு வீடுகளுக்குள் புகுந்தது, அமெரிக்காவின் கற்பனை சேலத்துக்கும் இத்தாலிக்கும் பெருவுக்கும் எவ்வழியே சென்றது என்பன எல்லாம் தெரிகின்றன. பெரிய நடிகர் காலத்தை மறைத்துக்கொண்டு நிற்கிறார். சிறிய நடிகருக்குப் பின்னால் காலம் தெரிகிறது. இது முதற்பயன்.

இரண்டாவது பயனை நான் கற்றது பூஞ்சேரியில். அன்று மாமல்லபுரத்திலிருந்து திரும்பும்போது, ஊரை அடுத்துள்ள பூஞ்சேரியில் வண்டியை நிறுத்தினேன். அங்கே ஒரு பாறையில், பல்லவர் காலத்து எழுத்தில், சில பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. கேவாத பெருந்தச்சன் என்பது ஒன்று. குணமல்லன் என்பது மற்றொன்று. கல்தச்சர்களின் பெயர்கள் அவை. மாமல்லபுரத்துப் பாறைகளில் வேலை செய்தோர் இவர்களே என்று அறிஞர் கருதுவர். மெய்க்கீர்த்தி இல்லை, விருதுப்பெயர் இல்லை, வெறும் பெயர் மட்டும். மன்னனுடைய பட்டப்பெயர்கள் கோயிற்சுவர்களில் வரிசை வரிசையாக நிற்க, உளி பிடித்தவர் பெயர் ஊர்ப்புறத்துப் பாறையில் கிடக்கிறது. ஆனாலும் கிடக்கிறது! ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாகக் கிடக்கிறது.

மாணவர்கள் அந்த எழுத்தின்மேல் விரல் படாமல் குனிந்து பார்த்தார்கள். "ஆவதென்ன" என்று கேட்டவர் நெடுநேரம் பார்த்திருந்தார். பிறகு தம் குறிப்பேட்டைத் திறந்து கேவாத பெருந்தச்சன் என்று எழுதினார். அதன் கீழே, யாரும் சொல்லாமலே, ராட் கேமரன் என்றும் எழுதிக்கொண்டார்.

மாணவ நண்பர்களே, உங்களில் சிலர் பெரும்புகழ் பெறலாம். பெரும்பாலோர் நம் எல்லோரையும் போலச் சிறு பெயர்களாகவே வாழ்வீர்கள். அதில் தாழ்வு ஒன்றும் இல்லை. ஏற்ற வேலையைச் செம்மையாகச் செய்யுங்கள். கண்ணெதிரே உள்ள யானையை உள்ளபடி பாருங்கள். உங்கள் ஊரில் இத்தகைய சிறு பெயர் ஒன்றைக் காணும்போது, ஒரு நிமிடம் நின்று அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.